சூரியனில் என் பேரில் ஒரு ஓட்டம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. ஜன்னலோரம் நீங்களே எடுத்துக்கிடுங்க. இந்த மலையை நான் பார்க்காத பார்வையா? நான் இப்படி ஓரத்துல இருந்துக்கிடுதேன். அந்தப் பெட்டியைக் கீழ வைக்கலாம்லா? வேண்டாமா? சரி, மடியிலேயே வச்சுக்கிடுங்க. முட்டை கிட்டை இருக்கும் போல. நான் கேக்க மாட்டேன். அடுத்தவங்க பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

என் பை உங்க காலுக்கடியில கெடக்கு, பாத்துக்கிடுங்க. கொஞ்சம் கனம். மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது.

இந்த பஸ்ல எதுவரைக்கும் போறீங்க? வெள்ளிமுடியா? நானும் அங்கதான். உச்சியில வெள்ளையா ஒரு கோபுரம் தெரியும், பாத்திருக்கீங்களா? சூரிய ஆய்வுக்கூடம். என் சர்வீஸ் பூரா அங்கதான். பேரு கோமதிநாயகம். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கேள்விப்பட்டிருக்கணும். அதுதான் என் வயித்தெரிச்சலே.

எனக்கு மாமனார் வீடு தென்காசி. அங்க என் மச்சான் செண்பகராமன், அதான் என் வீட்டுக்காரி உலகம்மைக்கு அண்ணன், நான் படியேறும்போதே ஆரம்பிச்சிருவான். "வாங்க மாப்ள, வெயிலு எப்படி இருக்கு?" கல்யாணமான நாள்ல இருந்து இதே கேள்வி. பந்தியில எல்லாரும் சாப்பிட உக்காந்திருப்பாங்க. "வெயில அளக்கதுக்கு சர்க்கார் சம்பளம் குடுக்கான் பாருங்கடே. எங்க தெருவுல செருப்பு இல்லாம நின்னா ஓசியிலே தெரிஞ்சு போகுமே"ம்பான். ஊரே சிரிக்கும். உலகம்மையும் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு சிரிப்பா. மத்தவன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். அவ சிரிக்கதுதான் தம்பி எனக்குத் தாங்காது.

வெயில அளக்கதாம்! சவத்துப் பயலுக்கு என்ன தெரியும்? உங்களுக்குச் சொல்லுதேன், நீங்க படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீங்க. கோபுரத்து உச்சியில ரெண்டு கண்ணாடி. அது சூரியனைப் பிடிச்சுக் கீழ அனுப்பும். கீழ இருட்டு ரூம். அங்க வெளிச்சத்தை நிறம் நிறமா நீளத்துக்கு விரிப்போம். சிவப்புல இருந்து ஊதா வரைக்கும். ஊடால ஊடால மயிரிழை மாதிரி கறுப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடுதான் எங்களுக்குச் சோறு போடுது. சூரியன்ல வாயு கொதிக்குதுல்லா? வெறும் வாயு இல்ல, மின்சாரம் ஏறின வாயு, பிளாஸ்மாம்பாங்க. அது நம்மளைப் பார்த்து வந்தா கோடு நீலப் பக்கம் நகரும். நம்மளை விட்டு உள்ள போனா சிவப்புப் பக்கம் நகரும். இப்ப எதிர்ல ஒரு லாரி ஹாரன் அடிச்சுட்டு வந்தா சத்தம் கீச்சுனு இருக்கும், நம்மளைத் தாண்டினதும் சத்தம் இறங்கிரும்லா, அதே சங்கதிதான். அந்த இடத்துல காந்தம் இருந்துச்சுன்னா கோடு பிரிஞ்சு நிக்கும். எவ்வளவு பிரியுதோ அவ்வளவு காந்தம். சூரியன்ல கரும்புள்ளி இருக்கிற இடத்துல நல்லாவே பிரியும்.

கண்ணால பார்த்து இதையெல்லாம் சொல்லிர முடியுமா? முடியாது. அதுக்கு ரெண்டு கண்ணாடிக் குழாய். வெளிச்சம் பட்டா அதை மின்சாரமா மாத்திக் குடுக்கும். கோட்டுக்கு நீலப் பக்கம் ஒண்ணு, சிவப்புப் பக்கம் ஒண்ணு. ரெண்டையும் ஒரு டப்பாவுக்குள்ள வச்சிருக்கும். தராசு மாதிரிதான். ரெண்டு பக்கமும் சமமா வெளிச்சம் வந்தா வாயு சும்மா கெடக்கு. நீலக் குழாயில குறைஞ்சா கோடு அந்தப் பக்கம் நகர்ந்து மறைக்குன்னு அர்த்தம், அதாவது வாயு மேல வருது. சிவப்புல குறைஞ்சா உள்ள போகுது. பக்கத்துல ஒரு முள்ளு காகிதத்துல கிறுக்கிக்கிட்டே போகும். இவ்வளவுதான். இதுக்குத்தான் வெளிநாடு வரைக்கும் போய்ப் படிச்சுட்டு வாறாங்க.

அந்தக் குழாய்க்கு ஒரு உறை மாட்டி அனுப்புவான் கம்பெனிக்காரன். வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கும். எதுக்குன்னு கேட்டா, அழகுக்குத்தான், வேற எதுக்கு? அது இருந்தா குழாயை மாத்தும்போது விரல் உள்ள போகாது. நான் ரெண்டையும் கழட்டிட்டேன். ஒண்ணு என் மேசையில பேனா வைக்க. இன்னொண்ணு பிள்ளையார் படத்துக்கு முன்னால ஊதுபத்தி சொருக. சர்க்கார் சாமானை வீணாக்கக் கூடாதுல்லா.

அந்த வேலையில குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போச்சு. எந்திரிச்சா உக்கார முடியாது, உக்காந்தா எந்திரிக்க முடியாது. அப்பதான் மச்சான் செண்பகராமன் புதுசா ஒரு ஏஜென்சி எடுத்திருந்தான். காந்த பெல்ட்டு. பச்சை வெல்வெட்டுத் துணி, உள்ள வரிசையா காந்தக் கட்டி வச்சுத் தச்சிருக்கும். "மாப்ள, இதைக் கட்டிப் பாருங்க, ரத்தம் தானா ஓடும்"னான். என்னைக் கேலி பண்ணுவானே ஒழிய, பய பாசக்காரன். கட்டின அன்னைக்கே சுகம், பாத்துக்கிடுங்க. குளிக்கிற நேரம் தவிர கழட்டினதே இல்ல. சாவிக்கொத்து, ஆணி, குண்டூசி எல்லாம் வந்து இடுப்புல ஒட்டிக்கிடும். உலகம்மைக்குத் தைக்கிற ஊசி காணாமப் போனா வீட்டைத் தேட மாட்டா, என்னைத்தான் தேடுவா.

இப்பவும் கட்டியிருக்கேன். இந்தா பாருங்க, சட்டைக்குள்ள. ஏன் தம்பி நெளியுதீங்க? இடம் போதலையா? இருங்க, நான் கொஞ்சம்... இங்க நகரவும் இடமில்ல. பரவாயில்ல, ஒட்டி இருந்தாத்தான் வளைவுல விழாம இருக்கலாம்.

அப்ப ஒரு தை மாசம். மழையெல்லாம் முடிஞ்சு வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. சூரியன்ல பெருசா ஒரு கரும்புள்ளிக் கூட்டம் வந்திருந்தது. நான் டப்பாவுக்கு இடது பக்கம் நின்னு, வயித்தை அதுமேல அழுத்திக் குனிஞ்சேன். முள்ளு ஒரே ஏத்தம்! வாயு மேல வருது. புள்ளியைச் சுத்திப் பார்த்தேன், அங்கயும் மேல வருது. புள்ளியே இல்லாத இடத்துல பார்த்தேன், அங்கயும் வருது. சூரியனே பொங்கி வருது தம்பி, தைப்பொங்கலுக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். ஒரு நாள் நான் லீவு. அன்னைக்கு ஜெஸிந்தா பார்த்திருக்கா. யாருன்னு சொல்லலைல்லா, தக்கலைப் பக்கத்துப் பிள்ளை. பெரிய படிப்பு, டாக்டர் பட்டம். வேலை இன்னும் நிரந்தரம் ஆகல, அந்த வருஷம்தான் ஆகணும். அவ பார்த்தப்ப ஓட்டமே இல்லையாம். "சாரே, நீங்க இல்லாத அண்ணைக்கு மட்டும் ஒண்ணும் வரலியே"ன்னா. நான் என்ன செய்ய? சூரியனுக்கும் ஆள் தெரியும் போலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எங்க டைரக்டர் பட்டாபிராமன் சாருக்கு விஷயம் போச்சு. மனுஷன் குதிச்சுட்டாரு. "இதுவரைக்கும் எவனும் பார்க்கலய்யா! டெல்லி மாநாட்டுல சொல்லப் போறேன். இதுக்கு ஒரு பேர் வைக்கணுமே"ன்னாரு. நான் சும்மா, தரையைப் பார்த்துக்கிட்டே, "கோமதி ஓட்டம்னு வைக்கலாம் சார்"னேன். சங்கரன்கோவில் கோமதி அம்மன் பேரு. அம்பாள் பேரை வேண்டாம்னு யாரு சொல்லுவா? அன்னைக்கே டெல்லிக்கு எழுதிப் போட்டுட்டாரு.

வீட்டுக்கு வந்து உலகம்மைகிட்ட சொன்னேன். "சூரியன்லயா? உங்க பேரா?"ன்னு கேட்டா. அடுப்பை அணைச்சுட்டு வந்து, கையைத் துடைச்சுக்கிட்டு, எதுத்தாப்புல உக்காந்து முழுசாக் கேட்டா. நான் பேசறதை அவ உக்காந்து கேட்டது அன்னைக்குத்தான். எனக்கு அழுகையே வந்துருச்சு தம்பி, உங்ககிட்ட சொல்ல என்ன வெக்கம்.

அடுத்த வாரம் தென்காசியில ஒரு வளைகாப்பு. மச்சான் வாயெடுக்கதுக்கு முந்தி உலகம்மை முந்திக்கிட்டா. "அண்ணே, இனிமே வெயிலைப் பத்தி நீ பேசக் கூடாது. அது இவுக பேருல ஓடுது"ன்னா. பந்தியில ஒருத்தரும் சிரிக்கல. செண்பகராமன் அவன் கையாலேயே எனக்கு இன்னொரு வடை வச்சான். அந்த வடை ருசி இன்னும் நாக்குல இருக்கு.

அதோட விட்டிருந்தா நான் இன்னைக்கு இப்படி பஸ்ல உக்காந்து உங்க உயிரை வாங்க வேண்டாம். இந்த ஜெஸிந்தாதான் விடலை.

ஒரு நாள் காலையில வந்தா. "சாரே, ஒண்ணு சொல்லட்டா? இண்ணைக்கு டப்பாவுக்கு வலது பக்கம் நிண்ணு பாருங்க."

"ஏம்மா? இடது பக்கம் என்ன பாவம் செஞ்சது?"

"சும்மாதான் சாரே."

நின்னேன். முள்ளு ஒரே இறக்கம்! வாயு மேல வரல, உள்ள போகுது. எங்க பார்த்தாலும் உள்ள போகுது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "எம்மா, கோமதி ஓட்டம் திரும்பிருச்சும்மா! பொங்கினது அடங்குது!"ன்னு கத்துனேன். அவ பேயறைஞ்ச மாதிரி நின்னா.

"சாரே, கொஞ்சம் வாசல்கிட்ட போய் நில்லுங்க."

போனேன். ஓட்டம் நின்னுருச்சு.

"இப்ப வாங்க."

வந்தேன். ஓட்டம் வந்துருச்சு.

"திரும்பப் போங்க."

இப்படி என்னை அங்கயும் இங்கயும் நடக்க விட்டுட்டா. நானும் நடந்தேன். நடக்க நடக்க சூரியன் நிக்கு, ஓடுது, நிக்கு, ஓடுது. இப்படி ஒரு பந்தத்தை நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? அவளுக்குச் சிரிப்பா அழுகையான்னு தெரியல, கைக்குட்டையைச் சுருட்டி வாயில வச்சுக்கிட்டு நிக்கா. பொறாமைன்னு அப்ப நினைச்சேன். இப்ப அப்படி நினைக்கல. திகைப்பாத்தான் இருக்கும்.

அதுக்கப்புறம் அவ பார்வை என் இடுப்புக்கு வந்துச்சு. சட்டை மேல ஒரு குண்டூசி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. "சாரே, அது என்னது?"ன்னா. சட்டையைத் தூக்கிப் பெல்ட்டைக் காட்டினேன். யாருகிட்ட கிடைக்கும்னும் சொன்னேன். அவ விறுவிறுன்னு என் மேசைக்குப் போனா. பேனா எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சுட்டு அந்த வெள்ளி உறையைத் தூக்கிப் பார்த்தா. "இதுக்க ஜோடி எங்க சாரே?" பிள்ளையார் முன்னால இருந்து அதையும் எடுத்தா. ஊதுபத்தி பாதி எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு தம்பி. அப்படியே எடுத்துட்டா. கிறிஸ்தவப் பிள்ளை, தெரியாமச் செய்யுதுன்னு நானும் பொறுத்துக்கிட்டேன்.

அப்புறம் என்னை உக்கார வச்சுச் சொல்லுதா. "சாரே, இந்தக் குழாய்க்குள்ள எலெக்ட்ரான் ஓடும். காந்தம் பக்கத்துல வந்தா அது வழி மாறிப் போயிரும், குழாய்க்குக் கண்ணு மங்கிரும். அது நடக்காம இருக்கத்தான் இந்த உறை. நீங்க இடது பக்கம் நிண்ணா நீலக் குழாய் மங்குது, வலது பக்கம் நிண்ணா சிவப்புக் குழாய் மங்குது. சூரியன்ல ஒண்ணும் ஓடல சாரே. எல்லாம் உங்க பெல்ட்டாக்கும்."

எனக்குக் கோவமே வரல. சின்னப் பிள்ளைதான? பொறுமையாக் கேட்டேன். "எம்மா, சூரியன் எங்க இருக்கு? ஒன்பது கோடி மைலுக்கு அந்தப் பக்கம். என் இடுப்புல இருக்க காந்தம் அங்க போய் வாயுவைத் தள்ளுமா? நீயே யோசிச்சுப் பாரு." அவளால ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியல.

கடைசியா, "பெல்ட்டைக் கழட்டிட்டு ஒரு தடவை பாருங்க"ன்னா. கழட்டினேன். ஓட்டம் இல்ல. எப்படி இருக்கும்? பெல்ட்டு இல்லாம எனக்கு நிக்க முடியல, இடுப்பு இழுக்கு, கை ஆடுது. அளக்கிறவன் சுகமா இருந்தாத்தான் அளவு ஒழுங்கா வரும். இது யாருக்கும் தெரிஞ்ச விஷயம். அவ அதையே பிடிச்சுக்கிட்டா.

நீங்க என்ன தம்பி, ஜன்னலோட ஒட்டிப் போயிட்டீங்க? பெட்டியை வெளிய தள்ளிருவீங்க போலிருக்கே. குளிருதா? ஜன்னலை மூடிக்கிடுங்க.

இனிமேதான் இருக்கு. ஜெஸிந்தா நேரா டைரக்டர் ரூமுக்குப் போயிட்டா. நான் பின்னாலேயே போய் வாசல்ல நின்னேன். கதவு பாதி திறந்திருந்தது. என்னைப் பத்தித்தான் சொல்லப் போறா, சொல்லட்டும், நானும் உள்ள போய் நாலு கேள்வி கேக்கலாம்னு நின்னுக்கிட்டிருக்கேன்.

"சார், கருவியில ஒரு கோளாறு இருந்துச்சு. குழாய் உறையில்லாம இருந்திருக்கு. சரி பண்ணியாச்சு. அந்த ஓட்டம் நிஜம் இல்ல சார்"னா.

பட்டாபிராமன் சாருக்கு முகம் செவந்துருச்சு. "டெல்லிக்கு எழுதிப் போட்டாச்சே! என் மானம் என்ன ஆகுறது? யாரு உறையைக் கழட்டினது?"

அவ திரும்பி வாசலைப் பார்த்தா. நான் நிக்கேன். என் கண்ணைப் பார்த்தா தம்பி. பார்த்துட்டு, "தெரியல சார். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். என் தப்பு"ன்னா.

கேட்டீங்களா? என் பேரையே எடுக்கல! அத்தனை நாள் குனிஞ்சு கண்டுபிடிச்சவன் நான். கண்டுபிடிப்புல இருந்துதான் என் பேரு போச்சு, போகட்டும். அந்தக் கோளாறுலயாவது என் பேரைச் சொல்லியிருக்கலாம்லா? "கோமதிநாயகம் கழட்டினார்"னு ஒரு வார்த்தை? அதையும் சொல்லல. நல்லது கெட்டது எல்லாத்தையும் அவளே எடுத்துக்கிட்டா. இப்படியும் ஒரு ஆள் இருக்குமா?

டைரக்டர் அவளைப் பிடிச்சுக் காய்ச்சி எடுத்துட்டாரு. டெல்லிக்குத் தந்தி அடிச்சுப் பேச்சை வாபஸ் வாங்கினாங்க. அந்த வருஷம் அவளுக்கு வேலை நிரந்தரம் ஆகல, அடுத்த வருஷம்தான் ஆச்சு. எனக்கே பாவமாப் போச்சு. கேண்டீன்ல சொல்லி ஒரு டீ அனுப்பி வச்சேன். கோவம் ஒரு பக்கம் இருந்தாலும் மனுஷத்தன்மையை விட்டுரலாமா?

அதுக்கப்புறம் எனக்கு ஒரு புதுப் பொறுப்பு குடுத்தாங்க. ஜெஸிந்தாதான் சிபாரிசு. இருட்டு ரூமுக்குள்ள அடைஞ்சு கிடக்க வேண்டாம், வெளிய புல்தரையில குடை நட்டு நாற்காலி போட்டு உக்காந்து, மேகம் வருதான்னு பார்த்துச் சொல்லணும். "மேகம் பார்க்க உங்களை மாதிரி அனுபவசாலிதான் சாரே வேணும். ஆனா ஒண்ணு, இடத்தை விட்டு எந்திரிச்சு உள்ள வரக் கூடாது, அங்கன இருந்தே சத்தம் குடுத்தாப் போதும்"னா. எவ்வளவு மரியாதை பாருங்க. சர்வீஸ் முடியுற வரைக்கும் அந்த நாற்காலியில நான்தான். வேற ஒருத்தனையும் உக்கார விடலை.

ஆனா நான் உள்ள போறதை நிறுத்தினதுல இருந்து அந்த ஓட்டம் வரவே இல்ல. ஒரு நாள்கூட வரல. எல்லாருக்கும் தெரிஞ்ச இந்த உண்மையை வச்சு ஒருத்தனாவது யோசிச்சானா? இல்ல.

உலகம்மைகிட்ட நான் இன்னும் சொல்லலை தம்பி. எப்படிச் சொல்ல? அவ தெருவுல அப்பளம் காயப் போடும்போதுகூட அண்ணாந்து பார்த்து, "எங்க வீட்டுக்காரர் பேரு அங்க ஓடுது"ன்னு சொல்லிட்டு இருக்கா. டெல்லியில என்ன ஆச்சுன்னு அவளுக்குத் தெரியாது. அவ மறுபடி முந்தானையை வாயில வச்சா என்னால தாங்க முடியாது. ராத்திரி படுத்தா இதே நெனப்புதான்.

போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன். ஜெஸிந்தா வீட்டுக்கு வந்திருந்தா. இப்ப அவதான் அங்க பொறுப்பு, பட்டாபிராமன் சார் மாத்தலாகிப் போயிட்டாரு. உலகம்மை அவளுக்குப் பாயாசம் குடுத்துட்டு, நேரா கேட்டுட்டா. "எம்மா, இவுக பேருல ஒரு ஓட்டம் இருக்குல்லா, அது இன்னும் ஓடுதா?"

டம்ளரைக் கீழ வச்சுட்டேன். ஜெஸிந்தா என்னைப் பார்த்தா. அன்னைக்கு டைரக்டர் ரூம்ல இருந்து பார்த்தாளே, அதே பார்வை. அப்புறம் உலகம்மையைப் பார்த்துச் சொன்னா. "சார் பக்கத்துல இருந்தா கண்டிப்பா ஓடும் அம்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

ஒத்துக்கிட்டா பாத்தீங்களா! அவ வாயாலேயே! உலகம்மை அன்னைக்குப் பூரா தரையில நடக்கல.

போகும்போது ஒரு பரிசு குடுத்துட்டுப் போனா. திசைகாட்டி. பித்தளை, கையில அடங்கும். இந்தா, சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன். பிடிங்க, பாருங்க. என்ன, ஊசி என் பக்கம் திரும்பி நிக்குதா? அதுதான் கோளாறு. வாங்கின நாள்ல இருந்து அப்படித்தான். வடக்கைக் காட்டவே காட்டாது. நான் எந்தப் பக்கம் நிக்கேனோ அந்தப் பக்கம் காட்டும். கடைக்காரன் ஏமாத்திட்டான். அவகிட்ட நான் சொல்லலை, பிள்ளை மனசு கஷ்டப்படும். "ரொம்பக் கரெக்டாக் காட்டுது"ன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு அந்தப் பிள்ளை, "எனக்குத் தெரியும் சாரே"ன்னு சிரிக்கா. பாவம், நம்பிட்டா.

இப்ப எதுக்கு மேல போறேன்னு கேக்கலையே? நாளைக்கு அங்க விழா. சூரியன்ல காந்தத்தையும் ஓட்டத்தையும் அளக்க புதுக் கருவி பொருத்துறாங்க. தொடங்கி வைக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கா. வேற பெரிய ஆளே இல்லையா? இருக்காங்க. ஆனா என்னைக் கூப்பிட்டா. போன்ல சொன்னா: "சாரே, நீங்க உள்ள வந்து சிரமப்பட வேண்டாம். வெளி வாசல் கேட்டுப் பக்கத்துல ஒரு பொத்தான் வச்சிருக்கு. அங்க இருந்து ரூம் வரைக்கும் புதுசா ஒயர் இழுத்தாச்சு. நீங்க கேட்டுல நிண்ணே அழுத்துங்க." மந்திரிமாருக்குத்தான் தம்பி இப்படித் தூரத்துல இருந்து அழுத்துற ஏற்பாடெல்லாம் செய்வாங்க. எனக்குச் செஞ்சிருக்கா. அத்தனை நீளம் ஒயரு! அவமேல எனக்கு இருந்த கோவமெல்லாம் அந்த ஒயரோட போச்சு.

ஆனா நான் கேட்டுல நிக்கப் போறதில்ல. பொத்தானை அழுத்திட்டு, ஆள் அசந்த நேரம் பார்த்து உள்ள போயிருவேன். புதுக் கருவிக்குப் பக்கத்துல, இடது பக்கம், வயித்தை அழுத்தி ஒரு குனி குனிஞ்சேன்னா போதும். ஓட்டம் வந்துரும். எல்லார் முன்னாலயும் வந்துரும். உலகம்மைகிட்ட நான் எதையும் மறைக்க வேண்டியதும் இருக்காது.

சும்மா கையோடவும் போகல. அந்தப் பைல என்னன்னு நினைக்கீங்க? எல்லாம் பெல்ட்டு. செண்பகராமன்கிட்ட சொல்லி வாங்கிட்டு வாறேன். ஆய்வுக்கூடத்துல வேலை பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. ஜெஸிந்தாவுக்குக் கழுத்துல கட்டுறதுக்குத் தனியா ஒண்ணு. குனிஞ்சு குனிஞ்சு அவளுக்கும் கழுத்து வலியாம்.

ஆமா, நான் பாட்டுக்குப் பேசிட்டே வாறேன். நீங்க வெள்ளிமுடியில யாரைப் பார்க்கப் போறீங்க? என்னது? ஆய்வுக்கூடமா? ஜெஸிந்தாவையா? அட, ஏறும்போதே சொல்லியிருக்கலாம்லா! பெட்டியில... குழாயா? புதுக் கருவிக்கா? பெங்களூர்ல இருந்தா கொண்டாறீங்க? நம்ம குழாயா! கொண்டாங்க, கொண்டாங்க, என் மடியில வைங்க. நான் எத்தனை குழாயை இந்தக் கையால தொட்டிருக்கேன். உறை போட்டிருக்காங்களா இல்லையா? போட்டிருந்தா சொல்லுங்க, எப்படிக் கழட்டணும்னு நான் காட்டுதேன்.

ஏன் தம்பி எந்திரிக்கீங்க? இருங்க, வளைவு வருது! என்ன, என் காலைத் தாண்டிப் போறீங்க? பெட்டியைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு எங்க ஓடுதீங்க? முகமெல்லாம் வெளுத்துப் போச்சே. வாந்தியா? முன்னாலயே சொல்லக் கூடாதா, ஜன்னலோரத்துல இருந்துக்கிட்டு! கண்டக்டர், அந்தத் தம்பியைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க, விழுந்துரப் போறாரு!

தம்பி, முன் படிக்கட்டுல நிக்காதீங்க. கேக்குதா? சரி, நில்லுங்க, அங்கேயே நில்லுங்க. உங்களைத் தனியா விட மாட்டேன். இதுக்கும் நம்மகிட்ட மருந்து இருக்கு, ஒரு பெல்ட்டை எடுத்து வயித்தைச் சுத்திக் கட்டினா நிமிஷத்துல நிக்கும். இந்தா, பையைத் திறந்துட்டேன். ரெண்டாவே எடுத்துட்டு வாறேன், பெட்டிக்கும் ஒண்ணு கட்டிரலாம், குலுங்காம இருக்கும்.

கூட்டத்துல என்னைத் தேட வேண்டாம். திசைகாட்டி உங்க கையிலதான இருக்கு? அதைப் பாருங்க. நான் எங்க வந்துக்கிட்டு இருக்கேன்னு அது காட்டும்.